ஒப்பாரியின் சத்தத்தைக் குறைப்பவர்கள்

தொலைக்காட்சிச் செய்தி மாறிவிட்டது என்று எல்லோரும் சொல்கிறார்கள். மாறித்தான் இருக்கிறது. ஒரு காலத்தில் மேசைக்குப் பின்னால் அசையாமல் உட்கார்ந்து தாளைப் பார்த்து வாசித்தார்கள். இப்போது நின்றும் நடந்தும் கையை வீசியும் கத்துகிறார்கள். வாசிப்பு போய்க் கதைசொல்லல் வந்துவிட்டது என்று ஊடகம் படிக்கிற பிள்ளைகள் ஆய்வேடே எழுதுகிறார்கள். அந்த ஆய்வேடுகள் சிலவற்றைப் படித்துப் பார்த்தேன். மேசை மாறியதைச் சொல்கின்றன, கேமரா மாறியதைச் சொல்கின்றன, முதலாளி மாறியதையும் சொல்கின்றன. இந்தக் கதைகளில் சேரி எங்கே நிற்கிறது என்று மட்டும் கேட்பதில்லை. கதை சொல்லும் விதம் நாலைந்து தடவை மாறிவிட்டது. ஒவ்வொரு தடவையும் கேமரா நம்ம தெருவுக்கு இன்னும் கொஞ்சம் கிட்டே வந்திருக்கிறது. ஆனாலும் நம்ம வாயிலிருந்து வருவது அவர்களுக்கு இன்னும் பேச்சாகப் படவில்லை, சத்தமாகவே படுகிறது. இதைப் பற்றித்தான் பேச வேண்டியிருக்கிறது.

1975 ஆகஸ்ட் 15இல் சென்னைத் தொலைக்காட்சி நிலையம் தொடங்கியது. எங்கள் பக்கத்துக் கிராமத்துக்கு டி.வி. வந்து சேர எண்பதுகளின் நடு ஆகிவிட்டது. வந்ததும் ஊர்த்தெருவில் இருந்த பஞ்சாயத்து ஆபீசுக்குத்தான் வந்தது. ஊர்ப்பிள்ளைகள் உள்ளே தரையில் உட்கார்ந்திருக்க, நாங்கள் வெளியே ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றோம். ஒளியும் ஒலியும் போட்டால் ஜன்னலில் தலை நுழைக்க இடம் இருக்காது. செய்தி வந்தால் உள்ளே இருப்பவன் எழுந்து போய்விடுவான், ஜன்னல் முழுசாக எங்களுக்குக் கிடைக்கும். அப்படித்தான் நாங்கள் செய்தி பார்க்கப் பழகினோம்.

ஷோபனா ரவி போன்றவர்கள் வாசித்த தமிழ் அவ்வளவு சுத்தமாக இருக்கும். ழகரம் ஒவ்வொன்றும் இடத்தில் வந்து உட்காரும். எங்கள் தெருவில் வாழைப்பழம் 'வாயப்பயம்'தான். இந்த நாக்கை வைத்துக்கொண்டு அந்த நாற்காலியில் உட்கார முடியாது என்பது யாரும் சொல்லாமலே எங்களுக்குத் தெரிந்துபோயிற்று. இதை உச்சரிப்புப் பிரச்சினை என்று ஒதுக்க முடியாது. எந்த நாக்கு சொன்னால் அது உண்மை, எந்த நாக்கு சொன்னால் அது வம்பு என்கிற தீர்ப்பு அதற்குள் இருந்தது.

அந்தச் செய்தியின் இலக்கணத்தையும் பார்க்க வேண்டும். குடிசைகள் 'தீக்கிரையாகும்'. இரு பிரிவினரிடையே மோதல் 'ஏற்படும்'. பதற்றம் 'நிலவும்'. போலீசார் 'குவிக்கப்படுவார்கள்'. வினை இருந்தால் எழுவாய் இருக்கணும் என்று பள்ளிக்கூடத்தில் தமிழாசிரியர் அடித்துச் சொல்லிக்கொடுத்தார். அரசுத் தொலைக்காட்சியோ எழுவாயே இல்லாமல் பதினைந்து நிமிஷம் பேசும். கொளுத்தினவன் வாக்கியத்திலிருந்து நைசாக இறங்கிப் போயிருப்பான். கொளுத்தினவனும் கொளுத்தப்பட்டவனும் 'இரு பிரிவினர்' என்கிற ஒரே சொல்லுக்குள் சமமாக உட்கார்ந்திருப்பார்கள். நம்ம சமூகத்தில் நமக்குச் சமத்துவம் கிடைத்த ஒரே இடம் அந்தச் சொல்தான் என்று நாங்கள் கேலி பேசுவோம். கடைசியில் 'இயல்பு நிலை திரும்பியது' என்று ஒரு வரி வரும். எது இயல்பு நிலை? டீக்கடையில் இரட்டைக் குவளை மறுபடி ஆணியில் தொங்குவதும், அடிபட்டவன் அடித்தவன் வயலுக்கே கூலிக்குப் போவதும்தானே?

இன்றைய தூத்துக்குடி மாவட்டத்துக் கொடியங்குளத்தில் 1995 ஆகஸ்ட் 31 அன்று போலீஸ் படை புகுந்து வீடு வீடாக நாசம் பண்ணியது. துணிமணிகளைக் குவித்து எரித்தார்கள். படித்த இளைஞர்களின் சான்றிதழ்களையும் வெளிநாடு போய்ச் சம்பாதிக்க வைத்திருந்த பாஸ்போர்ட்டுகளையும் கொளுத்தினார்கள். தையல் மிஷின், மின்விசிறி, டேப் ரிக்கார்டர் என்று உடைபட்ட பொருட்களின் பட்டியலில் டி.வி. பெட்டிகளும் இருக்கின்றன. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டியவன் சொந்தமாகப் பெட்டி வாங்கி வைத்ததுதான் கண்ணை உறுத்தியிருக்கிறது. 2006க்குப் பிறகு அரசாங்கமே வீட்டுக்கு வீடு கலர் டி.வி. கொடுத்தது. பெட்டி சேரிக்குள் வந்துவிட்டது. ஜன்னலில் நின்று பார்க்கிற நிலை போய்விட்டது. அதை இல்லையென்று சொல்லவில்லை. பெட்டிக்குள்ளே யார் பேசுகிறார்கள் என்பதில்தான் என் சண்டை.

சன் டி.வி. 1993 ஏப்ரலில் தொடங்கியது. அதன் பிறகு தனியார் அலைவரிசைகள் செய்திக்குள் இறங்கியபோது வாசிப்பின் காலம் முடிந்து காட்சியின் காலம் ஆரம்பித்தது. 2002லிருந்து நாலு வருஷம் வட மாவட்டம் ஒன்றில், ஒரு சேனலின் பகுதிநேரச் செய்தியாளரிடம் கேமரா ஸ்டாண்டு தூக்குகிறவனாகச் சேர்ந்து, பிறகு நானே படம் எடுக்கிறவனாக வேலை பார்த்தேன். சம்பளம் கிடையாது. ஒளிபரப்பான செய்திக்கு இவ்வளவு என்று காசு. படம் எடுத்த கேசட்டை உறையில் போட்டு, சேனல் பேரை எழுதி, சென்னை பஸ் கண்டக்டர் கையில் கொடுத்து அனுப்புவோம். கோயம்பேட்டில் ஒருவன் காத்திருந்து வாங்கிப் போவான். கேசட் போன பிறகு டெஸ்கிலிருந்து போன் வரும். சேரியில் சாவு என்றால் முதல் கேள்வி மாறவே மாறாது: "பொம்பளைங்க அழறது இருக்கா? நல்லா இருக்கா?"

ஒரு செய்தித் துண்டு எப்படிக் கட்டப்படுகிறது என்று தெரியாத தோழர்களுக்காகச் சொல்கிறேன். செய்தியாளர் எழுதிப் படிக்கிற விவரணை 'வாய்ஸ் ஓவர்'. ஒருவர் கேமராவைப் பார்த்துச் சொல்கிற பதில் 'பைட்'. செய்தியாளர் மைக்கோடு நின்று பேசுவது 'பி.டி.சி.' இந்த மூன்றுக்கும் அடியில் லேசாகக் கேட்டுக்கொண்டிருக்கும் இடத்துச் சத்தம் 'ஆம்பியன்ஸ்'. மழைச் சத்தம், ரயில் சத்தம், கோயில் மணிச் சத்தம் மாதிரி. எடிட்டிங் மேசையில் இதற்கென்று தனித் தடம் இருக்கும். அதன் அளவை ஒரு விரலால் கீழே இறக்கிவிட்டு விவரணையை மேலே ஏற்றுவார்கள். நம்ம வீட்டுப் பெண்களின் ஒப்பாரி எந்தத் தடத்தில் போனது என்று நினைக்கிறீர்கள்? மழையோடும் ரயிலோடும்தான்.

ஒப்பாரி என்பது வெறும் அழுகை இல்லை என்று நமக்குத் தெரியும். சாவு வீட்டுக்குத் தாமதமாகப் போனால் நான் யாரையும் விசாரித்தது கிடையாது. எங்கள் பெரியம்மா பக்கத்தில் அரைமணி நேரம் நின்றால் போதும். நெஞ்சு வலி எத்தனை மணிக்கு வந்தது, முதலில் எந்த ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனார்கள், அங்கே டாக்டர் இல்லையென்று எங்கே திருப்பி அனுப்பினார்கள், அட்வான்ஸ் கேட்டுப் போனபோது எந்த முதலாளி கதவைச் சாத்தினான், செத்தவன் கடைசியாகக் கேட்டது தண்ணியா காபியா, தங்கச்சி புருஷன் ஏன் இன்னும் வரலை — எல்லாம் வரிசை தப்பாமல் வரும். யார், என்ன, எங்கே, எப்போது, ஏன், எப்படி என்ற ஆறு கேள்விக்கும் பதில் இருந்தால்தான் செய்தி என்று இதழியல் வகுப்பில் சொல்லிக்கொடுக்கிறார்கள். பெரியம்மா ஏழாவதையும் சொல்வார்: யாரால். சாபத்தோடு, பேரோடு சொல்வார். அது முழுசான செய்தி அறிக்கை. சம்பவ இடத்தில், சாட்சியே சொல்வது. அதைப் பின்னணிச் சத்தமாக இறக்கிவிட்டு அதன் மேல், 'உறவினர்கள் கதறி அழுத காட்சி காண்போரைக் கண்கலங்க வைத்தது' என்று விவரணை ஏறும். அழுகிறவள் என்ன சொல்லி அழுகிறாள் என்பது போய்விட்டது. அவள் அழுதாள் என்பது மட்டும் மிஞ்சிற்று. அதிலும் கண் கலங்கினது யாருக்கு என்பது முக்கியமாகிவிட்டது. காண்போருக்கு.

தமிழ் டி.வி.க்கு அழுகுரலைப் பேச்சாகக் கேட்கத் தெரியாது என்று சொல்ல முடியாது. 2001 ஜூன் 30 விடியற்காலையில் கலைஞர் கருணாநிதி கைது செய்யப்பட்ட காட்சியைச் சன் டி.வி. திரும்பத் திரும்பப் போட்டது. தமிழ்ச் செய்தியின் கதைசொல்லல் ஒரே நாளில் மாறிய நாள் அது என்றே சொல்வேன். கேமரா ஆடுகிறது, வெளிச்சம் சரியில்லை, ஆள் தெரிகிறார் தெரியவில்லை. ஆனால் தன்னைக் கொல்கிறார்கள் என்று அவர் எழுப்பிய குரலின் சத்தத்தை யாரும் இறக்கவில்லை. அதன் மேல் விவரணை ஏற்றவில்லை. அந்தக் குரலே செய்தி, அந்தக் குரலே சாட்சி. நாடே அதைக் கேட்டது, தில்லியிலும் அது அரசியலாயிற்று. நானும் பதறித்தான் பார்த்தேன். வயசானவரை அப்படி இழுத்துப் போனது அநியாயம்தான். ஆனால் அதற்கு இரண்டு வருஷம் முன்னால், 1999 ஜூலை 23 அன்று, அதே கலைஞர் முதலமைச்சராக இருந்தபோது, மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களுக்காக நெல்லையில் நடந்த ஊர்வலத்தைப் போலீஸ் அடித்துத் தாமிரபரணிக்குள் விரட்டியது. ஒரு சின்னக் குழந்தை உட்பட 17 பேர் செத்தார்கள். ஆற்றுக்குள் எத்தனை பேர் 'கொல்றாங்களே' என்று கத்தியிருப்பார்கள்? அந்தச் சத்தம் எந்தத் தடத்தில் போயிற்று? அன்றைக்கு எடுக்கப்பட்ட வீடியோக் காட்சிகளைச் சேர்த்து ஆர்.ஆர். சீனிவாசன் 'நதியின் மரணம்' என்று ஆவணப்படம் செய்தார். தண்ணீரில் இறங்கியவர்களையும் விடாமல் அடிக்கிற லத்திகள் அதில் இருக்கின்றன. படம் எடுக்கப்படாமல் இல்லை என்பதற்குத்தான் இதைச் சொல்கிறேன். எடுத்த படத்திலிருந்து எதை எவ்வளவு நேரம் காட்டுவது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

திரைக்குக் கீழே வருகிற பெயர்ப்பட்டி ஒன்று போதும், இந்தச் செய்திகளின் சாதி ஒழுங்கைக் காட்ட. கலெக்டர் பேசினால் பேர், அதன் கீழே பதவி. எஸ்.பி. பேசினால் பேர், பதவி. சாதிச் சங்கத் தலைவன் பேசினாலும் பேர், 'நிறுவனர்–தலைவர்'. குடிசை எரிந்த பெண் பேசினால்? 'பாதிக்கப்பட்ட பெண்'. அவள் மாமியார் பேசினால் 'உறவினர்'. தெருவில் நிற்கிறவன் பேசினால் 'பொதுமக்களில் ஒருவர்'. பாலியல் கொடுமைக்கு ஆளானவர் பேரை வெளியிடச் சட்டம் தடுக்கிறது, அது சரி. மற்றவர்களுக்கு என்ன தடை? பாதிக்கப்படுவது என்ன உத்தியோகமா, அதைப் பதவி மாதிரிப் போட? என்னோடு வேலை பார்த்த செய்தியாளரிடம் ஒரு தடவை கேட்டேன். "பேர் கேட்டு எழுதி அனுப்புனா டெஸ்குல யாரு டைப் பண்றது தம்பி" என்றார். நல்ல மனுஷன். பொய் சொல்லத் தெரியாதவர். செய்தி முடிவில் ஒளிப்பதிவாளர் பேரும் அவர் பேரும் தவறாமல் வரும். அதை டைப் பண்ண ஆள் இருந்தது.

இங்கே கதையாடல் என்ற சொல்லைக் கொஞ்சம் கவனமாகப் பிடிக்க வேண்டும். செய்தியைக் கதையாகச் சொன்னால் மக்கள் மனசில் நிற்கும், அதில் என்ன தப்பு என்று கேட்பார்கள். கதை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கதை கேட்டு வளர்ந்த ஜனம் நாம். ஆனால் டி.வி. எடுத்துக்கொண்ட கதை எது? தமிழ் சினிமாக் கதை. அதற்கு ஒரு காதலன், ஒரு காதலி, குறுக்கே நிற்கிற அப்பன், கடைசியில் ஒரு சாவு வேண்டும். தருமபுரி இதற்குப் பெரிய உதாரணம். 2012 நவம்பர் 7 அன்று நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி ஆகிய மூன்று காலனிகளில் 250க்கும் மேற்பட்ட வீடுகள் சூறையாடிக் கொளுத்தப்பட்டன. அங்கே இருந்தவை பலவும் பெங்களூரிலும் திருப்பூரிலும் உழைத்த காசில் கட்டிய வீடுகள். பீரோ உடைக்கப்பட்டது, நகை போயிற்று, வண்டிகள் எரிந்தன, சான்றிதழ்கள் எரிந்தன. கொடியங்குளத்துப் பட்டியலையும் இதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பதினேழு வருஷ இடைவெளியில் இரண்டு ஊரிலும் ஒரே மாதிரிச் சாமான்கள், ஒன்றில் காக்கிச் சட்டை, மற்றதில் ஊர்க்கூட்டம். இந்தக் கதையைச் சொல்ல ஒரு வீட்டுப் பீரோ போதும். அது எப்போது வாங்கினது, எத்தனை தவணை கட்டினது, உள்ளே என்ன இருந்தது என்று ஒரு அம்மாவை உட்காரவைத்துக் கேட்டிருந்தால் தமிழ்நாட்டுச் சாதிப் பொருளாதாரமே வெளியே வந்திருக்கும்.

டி.வி. கேட்டது காதல் கதையை. வீடுகள் எரிந்ததற்கு வைத்த பேரே காதல் விவகாரம், கலப்புத் திருமணம் என்றுதான். அதன் பிறகு ஏழெட்டு மாசம் கேமராக்கள் இளவரசன், திவ்யா என்ற இரண்டு சின்னப் பிள்ளைகளின் முகத்தை விட்டு நகரவில்லை. உயர்நீதிமன்ற வாசலில் அந்தப் பெண் காரிலிருந்து இறங்கும்போதெல்லாம் மைக்குகள் முகத்தில் மோதின. போகிறாளா, வருகிறாளா, பிரிகிறார்களா, சேருகிறார்களா என்று தொடர்நாடகம் மாதிரி ஓட்டினார்கள். 2013 ஜூலை 3 அன்று இனி அம்மாவோடுதான் இருப்பேன் என்று அவள் சொன்னாள். மறுநாள் தருமபுரியில் ரயில் பாதை ஓரம் இளவரசனின் உடல் கிடந்தது. கதைக்குத் தேவையான முடிவு கிடைத்துவிட்டது. கேமரா திரும்பிப் போயிற்று. 250 வீடுகள் இந்தக் கதைக்கு அரங்கப் பொருளாக இருந்தன, அவ்வளவுதான்.

2011 ஆகஸ்டு 24இல் புதிய தலைமுறை வந்ததும் இருபத்துநாலு மணி நேரச் செய்தியின் மொழி இன்னொரு தரம் மாறியது. கட்சிக்காரர் சேனல் இல்லையென்ற நம்பிக்கையோடு ஜனங்கள் பார்த்தார்கள். சாதி என்கிற சொல் பகிரங்கமாக டி.வி.யில் புழங்க ஆரம்பித்ததில் அதற்கும் பங்குண்டு. பதினெட்டாவது நாள், செப்டம்பர் 11, இம்மானுவேல் சேகரன் நினைவு நாளில் பரமக்குடியில் போலீஸ் சுட்டு ஆறு பேர் செத்தார்கள். அந்தச் சம்பவத்துக்கு ஊடகங்களில் நிலைத்த பேர் என்ன? 'பரமக்குடி கலவரம்'. சுட்டவன் பேரும் இல்லை, சுட்டது என்கிற வினையும் இல்லை. கலவரம் என்றால் செத்தவனே பண்ணினது என்று அர்த்தம் தானாக வந்துவிடுகிறது. தூர்தர்ஷன் எழுவாயைத்தான் தூக்கினது, இவர்கள் வினையையும் தூக்கிவிட்டார்கள்.

அப்புறம் ராத்திரி விவாதம். நாலு பேர், நாலு பெட்டி. தீண்டாமை இருக்கிறதா இல்லையா என்று விவாதிக்க அதை மறுக்கிற ஒருத்தன் வேண்டும், நடுநிலையாம்! செருப்பால் அடிபட்டவனுக்கு எதிரே செருப்புக்காக ஒரு வக்கீல். இதில் நம்மவர்கள் அழைக்கப்படுவது அடிபட்ட அன்றைக்கு மட்டும்தான் என்பதைக் கவனித்திருப்பீர்கள். பட்ஜெட் பற்றியோ காவிரி பற்றியோ பேச ஒரு தலித் பொருளாதாரம் படித்தவரை, நீரியல் தெரிந்தவரை நான் பார்த்த நினைவு அபூர்வம். உட்காரவைக்கிறவர்கள் யார் என்று பார்த்தால் காரணம் புரியும். 1996இல் பி.என். உனியால் என்ற பத்திரிகையாளர் தில்லியில் ஒரு தலித் பத்திரிகையாளரைத் தேடித் தேடிக் கிடைக்காமல் அதையே கட்டுரையாக எழுதினார். பத்து வருஷம் கழித்து, 2006இல், தில்லியில் 37 இந்தி, ஆங்கில ஊடகங்களில் முடிவெடுக்கும் இடத்தில் இருந்த 315 பேரை எண்ணிப் பார்த்தார்கள். ஒரு தலித் இல்லை, ஒரு பழங்குடி இல்லை. 2019இல் ஆக்ஸ்பாம்–நியூஸ்லாண்ட்ரி எண்ணிப் பார்த்ததில் 121 தலைமைப் பதவிகளில் 106 மேல்சாதியிடம். நம்ம கணக்கு அப்போதும் பூஜ்யம். இவை தில்லிக் கணக்குகள், தமிழ் சேனல்களை எண்ணவில்லை. இங்கே யாராவது மாணவத் தோழர் உட்கார்ந்து எண்ணலாம்.

2016 மார்ச் 13. உடுமலைப்பேட்டை பஸ் நிலையம் எதிரே பட்டப்பகலில் சங்கரையும் கவுசல்யாவையும் வெட்டினார்கள். கடை வாசல் கண்காணிப்புக் கேமராவில் பதிவானதை எல்லாச் சேனலும் போட்டது. செய்திக்குச் சொல்பவனே தேவையில்லாமல் போன புது முறை இது. எந்திரம் பார்க்கிறது, எந்திரம் சொல்கிறது. அந்தப் பதிவில் சத்தம் கிடையாது. சத்தமில்லாத படத்தை வைத்துக்கொண்டு என்ன செய்தார்கள்? திகில் படத்து இசையைச் சேர்த்தார்கள். வெட்டுகிறவன் தலைக்கு மேல் சிவப்பு வட்டம் போட்டார்கள். திரும்பத் திரும்ப, மெதுவாக ஓட்டி, நிறுத்தி, மறுபடி ஓட்டினார்கள். ஒரு நாளில் சங்கரை எத்தனை தடவை கொன்றார்கள் என்று எண்ண முடியாது. அந்தப் படத்தால் நாடே அதிர்ந்தது உண்மை, வழக்குக்கு வலு சேர்ந்ததும் உண்மை. ஆனால் அதே தெருவில் சுற்றிலும் அத்தனை பேர் நின்று பார்த்துக்கொண்டிருந்ததும் அந்தப் பதிவில் இருக்கிறது. அவர்கள் தலைக்கு மேல் யாரும் வட்டம் போடவில்லை.

இந்த இடத்தில் ஒன்று நடந்தது, அதை நாம் குறித்துக்கொள்ள வேண்டும். தரையில் ரத்தத்தோடு கிடந்த உருவமாக டி.வி.யில் அறிமுகமான கவுசல்யா எழுந்து வந்து பேசினார். அழுது காட்டச் சொன்ன இடத்தில் அழாமல் பேசினார். சாதியைப் பேர் சொல்லிப் பேசினார், பெற்றவர்களுக்கு எதிராகவே சாட்சி சொன்னார். 2017 டிசம்பர் 12இல் திருப்பூர் நீதிமன்றம் அவர் அப்பா உட்பட ஆறு பேருக்குத் தூக்கு கொடுத்தது. 2020 ஜூனில் உயர்நீதிமன்றம் அப்பாவை விடுதலை செய்து மற்ற ஐந்து பேர் தண்டனையைக் குறைத்தது. அதற்குப் பிறகும் அவர் பேசினார். காட்சியாக இருந்தவர் கதைசொல்லியாக மாறினால் சேனல்களுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. பேட்டி எடுக்கிறவர்கள் கேள்வியைத் திருப்பித் திருப்பி அந்த நாளுக்கே இழுத்துப் போவார்கள், அவர் அரசியலுக்கு வருவார், மறுபடி இழுப்பார்கள்.

இன்னொரு பக்கம் பாருங்கள். 2015இல் கோகுல்ராஜ் கொலையில் தேடப்பட்ட யுவராஜ் மாசக்கணக்கில் தலைமறைவாக இருந்தபடியே வாட்ஸ்அப்பில் பேசினார், டி.வி.க்குப் பேட்டியும் கொடுத்தார். அவசரமில்லாத பேட்டி, அவர் பேர் போட்ட பேட்டி. 2022 மார்ச்சில் மதுரைச் சிறப்பு நீதிமன்றம் அவருக்குச் சாகும்வரை சிறை கொடுத்தது, 2023 ஜூனில் உயர்நீதிமன்றம் அதை உறுதி செய்தது. தீர்ப்பு வருவதற்கு முன்னால் அவரை நாயகனாக்கியதில் கேமராவுக்குப் பங்கு இல்லையா?

வேங்கைவயலை மட்டும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2022 டிசம்பரில் சேரிக் குடிநீர்த் தொட்டியில் மலம் கலக்கப்பட்டிருந்தது தெரியவந்தது. 'மர்ம நபர்கள்' என்றது டி.வி. சாதிக் குற்றத்தில் செய்தவன் எப்போதுமே மர்மம்தான். இரண்டு வருஷம் கழித்து 2025 ஜனவரியில் சி.பி.சி.ஐ.டி. குற்றப்பத்திரிகையில் அதே சேரியைச் சேர்ந்த மூன்று பேரைக் காட்டியதும் மர்மம் ஒரே ராத்திரியில் போய்விட்டது. பேர் வந்தது, போட்டோ வந்தது, ஆடியோ வந்தது. நீதிமன்றம் சொல்வதற்கு முன்னால் டி.வி.க்குத் தெரிந்துபோயிற்று.

டி.வி. இல்லையென்றால் வேங்கைவயல் என்றொரு ஊர் இருப்பதே தெரிந்திருக்காதே என்று நண்பர்கள் கேட்கிறார்கள். சரிதான். 1968 டிசம்பர் 25இல் கீழ்வெண்மணியில் 44 பேரை எரித்தபோது கேமரா இல்லை, இருந்திருந்தால் நல்லது என்று நானும் நினைப்பேன். மாவட்டங்களில் வெயிலில் அலைகிற செய்தியாளர்களில் நம்ம பிள்ளைகளும் இருக்கிறார்கள், அவர்களால் வந்த செய்திகளும் உண்டு. ஆனால் வெளிச்சம் போட்டதற்கு நன்றி சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்ள நம்ம மரபு சொல்லவில்லை. இரட்டைமலை சீனிவாசன் 1893இல் 'பறையன்' என்றே பத்திரிகைக்குப் பேர் வைத்தார். அயோத்திதாசர் 1907இல் 'ஒரு பைசாத் தமிழன்' தொடங்கினார். 1920 ஜனவரி 31இல் அம்பேத்கர் 'மூக்நாயக்' தொடங்கியபோது, காசு கொடுத்தும் அதன் விளம்பரத்தைத் திலகரின் 'கேசரி' போட மறுத்தது. அடுத்தவன் பத்திரிகையில் நம்மைப் பற்றி நல்லதாக எழுதட்டும் என்று இவர்கள் காத்திருக்கவில்லை.

வேறு மாதிரி சொல்ல முடியும் என்பதற்கு அமுதனின் 'பீ' (2003) ஒன்று போதும். மதுரையில் தெருவில் மலம் அள்ளுகிற ஒரு பெண்ணின் வேலை நேரம்தான் படம். விவரணைக் குரல் ஏறி உட்காரவில்லை. அந்த அம்மா அள்ளிக்கொண்டே பேசுகிறார், திட்டுகிறார். டி.வி. இதைச் செய்திருந்தால் சோக இசையோடு இரண்டு நிமிஷம். 2010களின் தொடக்கத்தில் வந்த 'தலித் கேமரா' பேட்டிகளை நீளம், ஆட்டம், வெளிச்சமில்லை என்று சேனல்காரர்கள் சிரிப்பார்கள். வெட்டாமல் விட்டதுதான் அதன் அரசியல். எங்கே வெட்டுவது என்று தீர்மானிக்கிறவன்தான் கதையின் முதலாளி. உத்தரப்பிரதேசத்தில் தலித் பெண்களே நடத்துகிற 'கபர் லஹரியா' பற்றிய ஆவணப்படம் ஆஸ்கர் பரிந்துரை வரைக்கும் போனது. 2022இல் அந்தப் பெண்களே, படம் எங்களை முழுசாகக் காட்டவில்லை என்று அறிக்கை விட்டார்கள். புகழ்ச்சிக் கதையானாலும் அதை யார் வெட்டியது என்று கேட்டார்கள் பாருங்கள், அந்தக் கறார் நமக்கு வேண்டும்.

2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் விஷச் சாராயத்தால் 60க்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். வாசல் வாசலாகப் பிணம், வாசல் வாசலாக நேரலை. கேமரா கேசட்டும் பஸ்ஸும் இல்லாமல் அந்த நிமிஷமே சென்னைக்குப் போயிற்று. நான் டி.வி. முன்னால் உட்கார்ந்து பார்த்தேன். ஒப்பாரி கேட்டது. அதன் மேல் செய்தியாளர் பேசிக்கொண்டிருந்தார். சாராயம் எங்கே விற்றது, எத்தனை வருஷமாக விற்றது, யாருக்குத் தெரியும் என்பதெல்லாம் அந்தத் தெருப் பெண்களுக்குத் தெரியாமலா இருக்கும்? சத்தத்தைக் கொஞ்சம் ஏற்றியிருந்தால் போதும்.

இப்போது நம்ம பையன்கள் கையில் போன் இருக்கிறது. அடி விழும்போதே படம் எடுக்கிறார்கள். எடுத்துக்கொண்டே பேசுகிறார்கள்: இது எங்க தெரு, மணி இத்தனை, அடிக்கிறவன் இன்னார் மகன். பெரியம்மாவின் ஏழு கேள்விக்கும் பதில் அதில் இருக்கிறது. வாட்ஸ்அப்பில் அதை வாங்குகிற சேனல் என்ன செய்கிறது? மூலையில் தன் முத்திரையைப் போடுகிறது, படம் எடுத்தவன் குரலை அணைக்கிறது, மேலே தன் விவரணையை ஏற்றுகிறது. பேர் சொன்னால் அவதூறு வழக்கு வரும் என்கிறார்கள். கலெக்டர் பேர் சொன்னால் வராத வழக்கு.

போராட்டத்தில் இருக்கிற தோழர்களுக்கு ஒரு வேலை. வாட்ஸ்அப் வழியாகப் போகும் படம் சுருங்கிவிடும். எடுத்த நேரம், கருவி பற்றிய பதிவுகளும் போய்விடும். எடுத்த போனில் இருக்கிற மூலக் கோப்பை அழிக்கக் கூடாது, அந்தப் போனை விற்கவும் கூடாது. நீதிமன்றத்துக்கு மின்னணுச் சான்றாகக் கொடுக்கச் சான்றிதழ் வேண்டும். முன்பு சாட்சியச் சட்டத்தின் 65பி, 2024 ஜூலை 1 முதல் பாரதிய சாட்சிய அதினியத்தின் 63ஆம் பிரிவு. நம்ம வக்கீல் தோழர்கள் அதை எழுதித் தருவார்கள். சேனலுக்குக் கொடுப்பதாக இருந்தால் கொடுங்கள். குரலை அணைக்காமல் போடுவாயா, எடுத்தவன் பேரைப் போடுவாயா என்று முதலில் கேட்டுவிட்டுக் கொடுங்கள்.